ஜென்கின்ஸ்: கட்டளை வரியில் தொடங்கும் தானியக்க வழங்கியின் வரலாறு

ஜென்கின்ஸ் என்பது மென்பொருள் உருவாக்கத்தில் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலைகளைத் தானாகச் செய்துமுடிக்கும் ஒரு திறந்த மூலத் தானியக்க வழங்கி ஆகும். நிரலாளர் எழுதிய மூலநிரலை எடுத்துத் தொகுப்பது, சோதனைகளை ஓட்டுவது, முடிவைக் குழுவுக்கு அறிவிப்பது, தேறிய பதிப்பைப் பயன்பாட்டு வழங்கிகளில் நிறுவுவது ஆகியவை இதன் பணிகள். ஜாவா மொழியில் எழுதப்பட்ட இம்மென்பொருள் 2005இல் ஹட்சன் என்ற பெயரில் வெளியாகி, 2011இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறியது. முனையத்தில் ஒரே ஒரு கட்டளை வரியைத் தட்டினால் இயங்கத் தொடங்கிவிடும் என்பது இதன் முதற்பெரும் கவர்ச்சி. அந்த எளிமையே பின்னாளில் இதன் பாதுகாப்புச் சிக்கல்களுக்கும் காரணமாயிற்று. 2024இல் இந்தியாவின் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்ப முடியாமல் நின்ற நிகழ்வு வரை அந்தச் சிக்கல் நீண்டது.

ஒருங்கிணைப்பு என்ற சொல்

மென்பொருள் துறையின் பல சொற்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. பில்டு, பைப்லைன், ரிலீஸ் என்று இன்று கணினித் திரையில் காணப்படும் சொற்களுக்கு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் வடசென்னைத் தொழில்வட்டாரத்தில் கண்ணால் காணக்கூடிய பொருள் உண்டு. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களை உதிரிபாகங்களாக வரவழைத்து எண்ணூரில் ஒன்றுசேர்த்தது. அந்நிறுவனமே 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனமும் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்களை முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டியே உருவாக்கியது. சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் இறங்கும் கச்சா எண்ணெய், குழாய்வழியே மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது.

பல இடங்களில் பலர் செய்த பாகங்களை ஒன்றுசேர்க்கும்போதுதான் எது எதனுடன் பொருந்தவில்லை என்பது தெரியவரும். மென்பொருளிலும் நிலைமை இதுவே. பத்துப் பேர் தனித்தனியே மூன்று மாதம் எழுதிய நிரல்களைக் கடைசி வாரத்தில் ஒன்றுசேர்த்தால், பிழைகள் அனைத்தும் அந்த ஒரே வாரத்தில் வெளிப்படும். எந்தப் பிழை யாருடைய மாற்றத்தால் வந்தது என்பதைக் கண்டறிவது கடினம். ஒவ்வொரு நாளும், முடிந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும், ஒன்றுசேர்த்துப் பார்த்துவிட்டால் பிழை சிறியதாக இருக்கும்போதே பிடிபடும். இந்த நடைமுறைக்குத் தொடர் ஒருங்கிணைப்பு என்று பெயர்.

முன்வரலாறு

தானியக்கத்தின் வேர்கள் யுனிக்சு இயங்குதளத்தில் உள்ளன. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் மேக் என்ற கருவியை உருவாக்கினார். எந்தக் கோப்பு மாறியிருக்கிறதோ அதைச் சார்ந்தவற்றை மட்டும் மீண்டும் தொகுப்பது அதன் வேலை. குறித்த நேரத்தில் ஒரு கட்டளையைத் தானாக ஓட்டும் கிரான் என்ற நிரலும் அதே பத்தாண்டில் வந்தது. இவ்விரண்டையும் இணைத்து, இரவு நேரத்தில் முழு மென்பொருளையும் தொகுத்து, காலையில் முடிவைப் பார்க்கும் வழக்கம் பல நிறுவனங்களில் பரவியது.

தொடர் ஒருங்கிணைப்பு என்ற தொடரை 1991இல் கிரேடி பூச் பயன்படுத்தினார். 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் வகுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறை இதைத் தன் முதன்மை நடைமுறைகளில் ஒன்றாக்கியது. மார்ட்டின் ஃபவுலர் 2000ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. அவர் பணியாற்றிய தாட்வொர்க்ஸ் நிறுவனம் 2001இல் குரூஸ்கண்ட்ரோல் என்ற வழங்கியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. சென்னையிலும் அலுவலகம் கொண்ட நிறுவனம் இது. குரூஸ்கண்ட்ரோல் மூலநிரல் களஞ்சியத்தைக் கண்காணித்து, மாற்றம் வந்தவுடன் பில்டைத் தொடங்கும். ஆனால் அதை அமைக்க நீண்ட எக்ஸ்எம்எல் கோப்பைக் கையால் எழுதவேண்டியிருந்தது. ஒரு குறியை மூட மறந்தாலும் வழங்கி எழாது. புதியவர்களுக்கு இது பெரும் தடையாக இருந்தது.

ஹட்சனின் தோற்றம்

சப்பானியரான கோசுகே கவாகுச்சி, 2004இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் நிரலாளராக இருந்தார். அவர் செய்த மாற்றங்களால் அவ்வப்போது குழுவின் பில்டு உடைந்தது. சக ஊழியர்கள் வந்து சொல்லும் வரை அது அவருக்குத் தெரியாது. அவர்கள் கண்டுபிடிக்கும் முன்பே தாமே அறிந்துகொள்ளும் பொருட்டு அவர் ஓய்வுநேரத்தில் எழுதத் தொடங்கிய சிறு நிரலே ஹட்சன். 2005 பிப்ரவரியில் சன் நிறுவனத்தின் ஜாவா.நெட் தளத்தில் அதன் முதல் வெளியீடு வந்தது. ஹட்சன் என்பது ஆங்கில வீடுகளில் பணிபுரியும் தலைமைப் பணியாளருக்குப் பொருந்தக்கூடிய ஒரு பெயர். சொன்ன வேலையை ஓசையின்றி முடித்துவைப்பவர் என்ற பொருளில் அப்பெயர் சூட்டப்பட்டது.

குரூஸ்கண்ட்ரோலில் இருந்த தடையை ஹட்சன் நேர்மாறான வழியில் நீக்கியது. எக்ஸ்எம்எல் கோப்பை எழுதவேண்டிய தேவை இல்லை. உலாவியில் பக்கத்தைத் திறந்து, பெட்டிகளை நிரப்பி, பொத்தானை அழுத்தினால் போதும். உள்ளுக்குள் ஹட்சனும் எக்ஸ்எம்எல் கோப்புகளையே வைத்திருந்தது. ஆனால் அவற்றைப் பயனர் தொடவேண்டியதில்லை. செருகுநிரல்கள் மூலம் யாரும் புதிய வசதிகளைச் சேர்க்கலாம் என்ற ஏற்பாடு இதன் வளர்ச்சியை விரைவுபடுத்தியது. 2008இல் நடந்த ஜாவாஒன் மாநாட்டில் ஹட்சனுக்கு டியூக்ஸ் சாய்ஸ் விருது வழங்கப்பட்டது. அதற்குள் குரூஸ்கண்ட்ரோலுக்கு மாற்றாகப் பலர் இதனை ஏற்றுக்கொண்டிருந்தனர்.

ஒரே வரியில் தொடக்கம்

அக்கால ஜாவா வலைச்செயலிகள் வார் என்ற பின்னொட்டுக் கொண்ட கோப்புகளாக வழங்கப்பட்டன. அத்தகைய கோப்பை ஓட்ட டாம்கேட் போன்ற வேறொரு வழங்கியை முதலில் நிறுவி, அதற்குள் இந்தக் கோப்பை வைக்கவேண்டும். ஹட்சன் தன் வார் கோப்புக்குள்ளேயே வின்ஸ்டன் என்ற சிறு வழங்கியையும் அடைத்து வைத்திருந்தது. ஆகவே கணினியில் ஜாவா இருந்தால் போதும். முனையத்தில் ஜாவா என்ற சொல், ஒரு சிறு கோட்டுடன் ஜார் என்ற தெரிவு, பிறகு வார் கோப்பின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதி நுழைவு விசையை அழுத்தினால் வழங்கி எழுந்துவிடும். உலாவியில் அக்கணினியின் 8080ஆம் போர்ட்டைத் திறந்தால் முகப்புப் பக்கம் வரும். இன்றைய ஜென்கின்சிலும் இதே வழி உள்ளது. உள்ளே இருக்கும் வழங்கி மட்டும் ஜெட்டிக்கு மாறிவிட்டது.

இந்த வரியில் சொற்களின் வரிசை முக்கியமானது. வார் கோப்பின் பெயருக்குப் பின்னால் எழுதப்படுபவை ஜென்கின்சுக்குப் போகும் அளவுருக்கள். 8080ஆம் போர்ட்டில் ஏற்கெனவே வேறொரு நிரல் ஓடிக்கொண்டிருந்தால், எச்டிடிபிபோர்ட் என்ற அளவுருவில் 9090 போன்ற வேறொரு எண்ணைக் கொடுக்கலாம். எச்டிடிபிலிசன்அட்ரஸ் என்ற அளவுருவில் 127.0.0.1 என்று கொடுத்தால் அதே கணினியில் இருப்பவர் மட்டுமே வழங்கியை அணுகமுடியும். வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. பிரிஃபிக்ஸ் என்ற அளவுரு முகவரியின் தொடக்கப் பகுதியை மாற்றும்.

ஜார் என்ற தெரிவுக்கு முன்னால், டி என்ற எழுத்துடன் தொடங்கி எழுதப்படுபவை ஜாவாவுக்குப் போகும் பண்புகள். நினைவகத்தின் உச்ச அளவு போன்றவையும் இங்கேயே எழுதப்படும். முன்னால் எழுதவேண்டியதைப் பின்னால் எழுதினால் அது உரிய இடத்துக்குப் போய்ச் சேராது. வழங்கி இயங்கும், ஆனால் கேட்ட மாற்றம் நடந்திருக்காது. முதன்முறை அமைப்பவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

வழங்கியின் நினைவு முழுவதும் ஒரே கோப்புறையில் உள்ளது. அதற்கு ஜென்கின்ஸ் ஹோம் என்று பெயர். சூழல் மாறி ஒன்றின் வழியே அதன் இடத்தைக் குறிக்கலாம். குறிக்காவிட்டால் பயனரின் இல்லக் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் மறைவான ஒரு கோப்புறையை வழங்கி தானே உருவாக்கிக்கொள்ளும். வேலைகளின் அமைப்பு, பில்டுகளின் பதிவுகள், செருகுநிரல்கள், மறைக்குறியாக்கத் திறவுகோல்கள் அனைத்தும் அதற்குள் இருக்கும். தரவுத்தளம் எதுவும் தேவையில்லை. அக்கோப்புறையை நகலெடுத்து வைத்தால் அதுவே காப்புநகல். வேறொரு கணினியில் அதை வைத்து அதே ஒற்றை வரியை ஓட்டினால் வழங்கி அங்கே எழும். அந்தக் கோப்புறையைக் களவாடியவருக்கும் இது பொருந்தும்.

பெயருக்கான போராட்டம்

ஆரக்கிள் நிறுவனம் சன் மைக்ரோசிஸ்டம்சை வாங்கப்போவதாக 2009 ஏப்ரலில் அறிவித்தது. 2010 சனவரியில் அது நிறைவேறியது. சில மாதங்களில் கவாகுச்சி அங்கிருந்து விலகி இன்ஃப்ராடிஎன்ஏ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது ஆண்டு இறுதியில் கிளவுட்பீஸ் நிறுவனத்துடன் இணைந்தது.

2010 நவம்பரில் ஜாவா.நெட் தளம் புதிய கட்டமைப்புக்கு மாற்றப்பட்டபோது ஹட்சன் பங்களிப்பாளர்கள் தங்கள் மடற்குழுவையும் களஞ்சியத்தையும் பயன்படுத்த முடியாமல் போயிற்று. மடற்குழுவைக் கூகுள் குழுமத்துக்கும் மூலநிரலைக் கிட்ஹப் தளத்துக்கும் மாற்றப் பங்களிப்பாளர்கள் முடிவெடுத்தனர். ஆரக்கிள் இதை ஏற்கவில்லை. மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் இருப்பதால் அதை யாரும் எடுத்துச் செல்லலாம், ஆனால் ஹட்சன் என்ற பெயர் தன்னுடையது என்பது அந்நிறுவனத்தின் நிலைப்பாடு. அப்பெயருக்கு வணிகச்சின்னப் பதிவும் கோரியது.

திறந்த மூல உரிமம் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பதை இந்தச் சச்சரவு தெளிவாகக் காட்டியது. நிரலின் ஒவ்வொரு வரியும் அனைவருக்கும் பொதுவாக இருந்தது. ஆனால் அந்த நிரலை மக்கள் அறிந்த பெயர் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது. பேச்சுவார்த்தை பலனளிக்காத நிலையில், 2011 சனவரியில் பெயர் மாற்றம் குறித்து வாக்கெடுப்பு நடந்தது. சனவரி 29 அன்று முடிவு அறிவிக்கப்பட்டது. மாற்றத்துக்கு ஆதரவாக 214 வாக்குகளும் எதிராக 14 வாக்குகளும் விழுந்தன. பணியாளர் என்ற பழைய உருவகம் மாறாமலிருக்க, ஜென்கின்ஸ் என்ற அதே வகைப் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆரக்கிள், சோனாடைப் நிறுவனத்தின் துணையுடன் ஹட்சனைத் தொடர்ந்து நடத்தியது. 2011 மே மாதத்தில் அதை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முன்வந்தது. இரு கிளைகளும் மற்றதைப் பிரிந்து சென்ற கிளை என்றே கூறின. எது நிலைத்தது என்பதைப் பங்களிப்பாளர்களின் எண்ணிக்கை காட்டியது. 2013 டிசம்பரில் கிட்ஹபில் ஜென்கின்சுக்கு 567 உறுப்பினர்களும் ஏறத்தாழ 1,100 களஞ்சியங்களும் இருந்தன. ஹட்சனுக்கு 32 உறுப்பினர்களும் 17 களஞ்சியங்களும் இருந்தன. 2017இல் ஹட்சன் காலாவதியானதாக அறிவிக்கப்பட்டது. செருகுநிரல்களை எழுதியவர்கள் எங்கே போனார்களோ அங்கேயே மென்பொருளும் போயிற்று.

திறந்த கதவும் பூட்டும்

ஹட்சனும் ஜென்கின்சின் முதல் தலைமுறையும் இயல்பாகவே பூட்டில்லாத வீடாக இருந்தன. வழங்கியை எழுப்பியவுடன், அதன் முகவரி தெரிந்த எவரும் எந்த வேலையையும் மாற்றலாம், அழிக்கலாம். நிர்வாகப் பகுதியில் உள்ள ஸ்கிரிப்ட் கன்சோலில் குரூவி மொழியில் நிரல் எழுதி அக்கணினியில் எதையும் செய்யலாம். பாதுகாப்பை இயக்குவது நிர்வாகியின் விருப்பமாக விடப்பட்டிருந்தது. நிறுவனத்தின் உள் வலையமைப்பில் நம்பகமான சிலர் மட்டுமே பயன்படுத்துவர் என்ற எண்ணத்தில் அமைந்த ஏற்பாடு இது. ஆனால் மேகக் கணிமை பரவியபோது, சோதனைக்காக ஓரிரு நாள் ஓட்டப்பட்ட வழங்கிகளும் பொது இணையத்துக்குத் திறந்தபடி நின்றன.

2016 ஏப்ரலில் வெளியான ஜென்கின்ஸ் 2.0 இதை மாற்றியது. அன்றுமுதல் புதிதாக எழும் வழங்கி பூட்டிய நிலையிலேயே எழும். முதல் ஓட்டத்தின்போது ஒரு தற்காலிகக் கடவுச்சொல் உருவாக்கப்பட்டு, முனையத்தில் நட்சத்திரக் குறிகளுக்கு இடையே அச்சிடப்படும். ஜென்கின்ஸ் ஹோமுக்குள் இரகசியங்களுக்கான கோப்புறையிலும் அது எழுதிவைக்கப்படும். உலாவியில் அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகே செருகுநிரல்களைத் தேர்ந்தெடுக்கவும் முதல் நிர்வாகியின் கணக்கை உருவாக்கவும் முடியும். கட்டளை வரியைப் பார்க்கும் உரிமை உள்ளவரே வழங்கியின் உரிமையாளர் என்பதே இந்த ஏற்பாட்டின் தருக்கம். எளிமை குறையவில்லை, ஆனால் கதவு மூடப்பட்டது.

அதே பதிப்பில் வேலையாட்களைக் குறித்த சொல்லும் மாறியது. வேலையைப் பகிர்ந்து செய்யும் துணைக் கணினிகள் அதுவரை அடிமை என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லால் அழைக்கப்பட்டன. அவை ஏஜென்ட் என்று மாற்றப்பட்டன. 2020இல் தலைமைக் கணினிக்கும் கண்ட்ரோலர் என்ற பெயர் வந்தது. பில்டுகளை இந்தத் தலைமைக் கணினியிலேயே ஓட்டாமல் ஏஜென்ட்களில் மட்டும் ஓட்டவேண்டும் என்பது இன்றைய பரிந்துரை. தலைமைக் கணினியில்தான் எல்லாத் திறவுகோல்களும் இருக்கின்றன என்பதே காரணம்.

கட்டளை வரிக் கருவியும் குறைபாடுகளும்

வழங்கியை எழுப்பும் கட்டளை ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் வழங்கிக்குத் தொலைவிலிருந்து கட்டளையிடும் கருவி வேறொன்று. ஜென்கின்சிலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளக்கூடிய இந்தக் கட்டளை வரிக் கருவியால் உலாவியைத் திறக்காமலேயே செருகுநிரலை நிறுவலாம், எக்ஸ்எம்எல் கோப்பைக் கொடுத்துப் புதிய வேலையை உருவாக்கலாம், ஒரு பில்டைத் தொடங்கி அது முடியும் வரை காத்திருக்கலாம். ஓடும் பில்டுகள் முடிந்த பிறகு வழங்கியைப் பாதுகாப்பாக மறுதொடக்கம் செய்யவும் ஒரு கட்டளை உண்டு. நூறு வேலைகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கி அமைப்பதற்குப் பதில், சிறு ஷெல் நிரலால் சில நிமிடங்களில் அமைத்துவிடலாம்.

இக்கருவி தொடக்கத்தில் ரிமோட்டிங் என்ற நெறிமுறையைப் பயன்படுத்தியது. ஜாவாப் பொருட்களை அப்படியே பைட்டுகளாக மாற்றி வலையமைப்பின் வழியே அனுப்பி, மறுமுனையில் மீண்டும் பொருட்களாக்கும் முறை அது. அனுப்புபவர் தீய பொருளை அனுப்பினால், அதைப் பிரித்தெடுக்கும் செயலிலேயே அவருடைய நிரல் வழங்கியில் ஓடிவிடும். 2015 நவம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைச் செய்துகாட்டினர். உள்நுழையவே தேவையின்றி வழங்கியைக் கைப்பற்ற முடிந்தது. சில நாட்களில் திருத்தம் வந்தது. 2017 ஏப்ரலில் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு குறைபாடு வெளிப்பட்டது. அதனைப் பயன்படுத்தி, திருத்தப்படாத வழங்கிகளில் மொனேரோ என்ற மின்னாணயத்தைச் சுரண்டியவர்கள் 30 இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டியதாகச் செக் பாயிண்ட் நிறுவனம் 2018 பிப்ரவரியில் தெரிவித்தது. மற்றவர்களின் பில்டுகளுக்காக வைக்கப்பட்ட கணினிகள் திருடர்களுக்காக உழைத்தன. 2017இல் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்ட ரிமோட்டிங் வழி, 2019இல் கட்டளை வரிக் கருவியிலிருந்து முற்றாக நீக்கப்பட்டது.

அத்துடன் சிக்கல் முடியவில்லை. 2024 சனவரி 24 அன்று ஜென்கின்ஸ் திட்டம் மேலும் ஒரு குறைபாட்டை அறிவித்தது. சிவிஇ-2024-23897 என்பது அதன் அடையாள எண். சோனார்சோர்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்திருந்தனர். கட்டளை வரியில் தரப்படும் அளவுருக்களைப் பிரித்தறிய ஜென்கின்ஸ் ஆர்க்ஸ்4ஜே என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அந்த நூலகத்தையும் முதலில் எழுதியவர் கவாகுச்சியே. ஓர் அளவுரு மின்னஞ்சல் முகவரிகளில் வரும் அட் குறியுடன் தொடங்கினால், அதன்பின் வருவதைக் கோப்பின் பெயராகக் கொண்டு அக்கோப்பின் உள்ளடக்கத்தை அங்கே இட்டு நிரப்பும் வசதி அதில் இருந்தது. தன் கணினியில் தானே கட்டளையிடுபவருக்கு அது பயனுள்ள வசதி. ஆனால் ஜென்கின்சில் அளவுருக்களைப் பிரிப்பது வழங்கி. எனவே தொலைவில் இருப்பவர் வழங்கியின் கோப்புகளைப் படிக்க முடிந்தது. உள்நுழையாதவர்க்கும் சில வரிகள் கிடைத்தன, படிக்கும் உரிமை உள்ளவர்க்கு முழுக் கோப்பும் கிடைத்தது. திறவுகோல் கோப்புகளைப் பெற்றவர் மேற்கொண்டு வழங்கியையே கைப்பற்றும் வாய்ப்பும் இருந்தது. 2.442 பதிப்பிலும் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 2.426.3இலும் இவ்வசதி முடக்கப்பட்டது. அதே மாத இறுதியில், திருத்தப்படாத ஏறத்தாழ 45,000 வழங்கிகள் பொது இணையத்தில் காணப்பட்டதாகச் சேடோசர்வர் அறக்கட்டளை கணக்கிட்டது.

2024: இந்தியச் சிறு வங்கிகள்

2024 சூலை 31 அன்று இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் மண்டல ஊரக வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனம் பணயத் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கக் கூடும் என்றும், பெரிய பாதிப்பைத் தவிர்க்க அந்நிறுவனத்தைத் தன் சில்லறைப் பணப்பரிமாற்ற அமைப்புகளிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்திருப்பதாகவும் அதில் கூறியது. சுமார் 300 சிறு வங்கிகள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. நாட்டின் மொத்தப் பரிமாற்றத்தில் அவற்றின் பங்கு மிகச் சிறிது. ஆனால் அவ்வங்கிகளின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் வாழ்பவர்கள். ஒரே ஒரு கணக்கு வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு முடங்கினால் வேறு வழியில்லை. ஆகஸ்ட் முதல் நாளில் இணைப்பு மீட்கப்பட்டது.

கிளவுட்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இத்தாக்குதலின் பாதையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சி-எட்ஜுடன் இணைந்து பணியாற்றிய மற்றொரு நிறுவனத்தில் தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு ஜென்கின்ஸ் வழங்கியே நுழைவாயிலாக இருந்தது என்றும், சனவரியில் அறிவிக்கப்பட்ட அதே கட்டளை வரிக் குறைபாடு பயன்படுத்தப்பட்டது என்றும் அவ்வறிக்கை கூறியது. திருத்தம் வெளியாகி ஆறு மாதம் கடந்திருந்தது. அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை 2024 ஆகஸ்டில் இக்குறைபாட்டைத் தாக்குதல்களில் பயன்படுத்தப்படுபவற்றின் பட்டியலில் சேர்த்தது.

தானியக்க வழங்கி ஏன் தாக்குபவர்களுக்கு விருப்பமான இலக்கு என்பதை இந்நிகழ்வு விளக்குகிறது. அது எல்லா மூலநிரலையும் படிக்கவேண்டும், எல்லா வழங்கிகளிலும் நிறுவவேண்டும். ஆகவே எல்லாக் கதவுகளின் திறவுகோல்களும் அதனிடம் இருக்கும். 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் நிகழ்விலும் தாக்குபவர்கள் பில்டுச் சூழலுக்குள்ளேயே புகுந்து தீநிரலைச் சேர்த்தனர். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதை முறையான இற்றைப்படுத்தலாகவே பெற்றனர்.

சொடுக்கிலிருந்து மீண்டும் கோப்புக்கு

உலாவியில் சொடுக்கி அமைக்கும் வழி ஹட்சனை வளர்த்தது. காலப்போக்கில் அதுவே சுமையாயிற்று. ஐந்து ஆண்டுகளாகப் பலர் சொடுக்கிச் சொடுக்கி அமைத்த ஒரு வழங்கி பழுதானால், அது எப்படி அமைக்கப்பட்டிருந்தது என்று சொல்ல யாராலும் முடியாது. எந்த மாற்றத்தை யார், எதற்காகச் செய்தார் என்பதும் பதிவாகவில்லை.

இதற்கான தீர்வுகள் படிப்படியாக வந்தன. வழங்கி எழும்போது குறிப்பிட்ட கோப்புறையில் உள்ள குரூவி நிரல்களை ஓட்டும் வசதி முதலில் கைகொடுத்தது. பில்டின் படிநிலைகளை ஜென்கின்ஸ்ஃபைல் என்ற உரைக்கோப்பாக எழுதி, மூலநிரலுடன் சேர்த்தே களஞ்சியத்தில் வைக்கும் பைப்லைன் முறை 2.0 பதிப்பில் முதன்மை இடம் பெற்றது. 2018 செப்டம்பரில், வழங்கியின் அமைப்பு முழுவதையும் யாம்ல் வடிவக் கோப்பில் எழுதும் செருகுநிரலின் 1.0 பதிப்பு வந்தது. பயனர்கள், உரிமைகள், ஏஜென்ட்கள், செருகுநிரல் அமைவுகள் ஆகியவற்றை அக்கோப்பில் எழுதி, கோப்பின் இடத்தைச் சூழல் மாறியால் குறித்துவிட்டால், வழங்கி எழும்போதே முழுமையாக அமைந்து எழும். செருகுநிரல்களின் பட்டியலை உரைக்கோப்பாகக் கொடுத்து முன்கூட்டியே பதிவிறக்கவும் தனிக் கருவி உண்டு. அப்போது முதல் ஓட்டத்தில் வரும் வழிகாட்டித் திரை தேவையில்லை. அதை நிறுத்தும் பண்பு, முன்பு சொன்னபடி, ஜார் தெரிவுக்கு முன்னால் எழுதப்படவேண்டும். ஆனால் யாம்ல் கோப்பில் பாதுகாப்பை அமைக்காமல் அத்திரையை மட்டும் நிறுத்தினால், 2016க்கு முந்தைய பூட்டில்லாத நிலையே மீண்டும் வரும்.

லினக்சில் பொதியாக நிறுவப்படும் ஜென்கின்ஸ், 2022 மார்ச்சில் பழைய சிஸ்டம் வி தொடக்க முறையை விட்டுச் சிஸ்டம்டிக்கு மாறியது. அதுவரை போர்ட் எண் முதலானவற்றை ஒரு தனிக் கோப்பில் எழுதிவந்த நிர்வாகிகள், அதன்பின் சிஸ்டம்டியின் மேலெழுதும் கோப்பில் எழுதவேண்டியதாயிற்று. பழைய பாடங்களைப் பார்த்துப் பழைய கோப்பை மாற்றிவிட்டு, மாற்றம் ஏன் நிகழவில்லை என்று திகைப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். தேவைப்படும் ஜாவாப் பதிப்பும் உயர்ந்துகொண்டே வந்துள்ளது. 2022இல் ஜாவா 11உம், 2024 இறுதியில் ஜாவா 17உம் குறைந்தபட்சத் தேவையாயின. பழைய ஜாவாவில் புதிய வார் கோப்பை ஓட்டினால் வழங்கி எழாமல் அதைத் தெரிவித்து நின்றுவிடும்.

இன்றைய நிலை

2019 மார்ச்சில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கிய தொடர் வழங்கல் அறக்கட்டளையின் முதல் திட்டங்களுள் ஒன்றாக ஜென்கின்ஸ் சேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் கையில் பெயர் சிக்கிய பழைய அனுபவத்துக்குப் பிறகு, எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத இல்லம் அதற்குக் கிடைத்தது. 2020 தொடக்கத்தில் கவாகுச்சி கிளவுட்பீஸ் நிறுவனத்தின் அன்றாடப் பணிகளிலிருந்து விலகிப் புதிய முயற்சியைத் தொடங்கினார். கிட்லேப் சிஐ, கிட்ஹப் ஆக்சன்ஸ் போன்ற புதிய சேவைகள் வந்தபின், வழங்கியைத் தானே நிறுவிப் பராமரிக்கும் தேவை பலருக்கு இல்லாமற் போயிற்று. எனினும் மூலநிரலைத் தம் வளாகத்துக்கு வெளியே அனுப்ப இயலாத நிறுவனங்கள் ஜென்கின்சைத் தொடர்ந்து பயன்படுத்துகின்றன. கற்க விரும்பும் மாணவர்களுக்கும் அது இலவசமாகக் கிடைக்கிறது.

தொடக்கத்தில் கையால் எழுதிய கோப்பு, பிறகு உலாவிச் சொடுக்கு, இப்போது மீண்டும் உரைக்கோப்பு என்று இத்துறையின் அமைப்பு முறை ஒரு சுற்று வந்துள்ளது. ஆனால் இன்றைய கோப்பு களஞ்சியத்தில் இருக்கிறது, மாற்றியவரின் பெயரும் காரணமும் அதனுடன் பதிவாகின்றன. வழங்கியை எழுப்பும் வரி மட்டும் ஹட்சன் காலத்தில் இருந்தது போலவே இன்றும் மூன்று சொற்களில் முடிகிறது. அது எந்த முகவரியில் கேட்கிறது, யாரை உள்ளே விடுகிறது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பவை அந்த மூன்று சொற்களில் இல்லை. அவற்றை அமைப்பவரே தீர்மானிக்கவேண்டும்.